கார் விடும் இடத்துக்கு ஏழு வீதம்

முப்பத்தொரு வருடம் நான் கொழும்பில் வரித் திணைக்களத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். எதற்கு எத்தனை வீதம் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய ஆள். எண்பத்தைந்தாம் ஆண்டு ரொறொன்ரோவுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் மகளும் மருமகனும் இருந்த அப்பார்ட்மென்டின் ஹோலில், செற்றியில் படுக்கத் தொடங்கினேன். பகலில் ஜன்னலடியில் நின்று கீழே நிற்கும் கார்களை எண்ணுவேன். வேறு உத்தியோகம் இல்லை.

வாடகையோடு கார் விட ஓர் இடமும் தந்திருந்தார்கள். மருமகனிடம் கார் இல்லை. கீழ்மாடியில் இருந்த மட்டக்களப்புக்காரர் ஒருவருக்கு அந்த இடத்தை மாதம் இருபது டொலருக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. கடையில் சாமானுக்கு ஏழு வீதம் விற்பனை வரி போடுகிறார்களே, அதுபோல இதற்கும் ஏழு வீதம் போட்டார். அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும் என்று சொல்லி, ஒரு டொலர் நாற்பது சதம் கூட வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மட்டக்களப்புக்காரருக்குத் துப்புரவு வேலை. முதல் பஸ் வருவதற்கு முன்பே வேலையில் நிற்கவேண்டும். கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ஊரில் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு இல்லை. இரவில் தெருவில் காரை விட்டால் தண்டம் கட்டச் சொல்லி டிக்கெற் எழுதுவார்கள். ஒரு காரளவு தார் நிலத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் என்னிடம் மெல்லக் கேட்டார்.

“ஐயா, நான் கட்டுற வரிக்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுவீங்களா? விசாரணையில காட்டலாம். ஒழுங்கா வரி கட்டுற ஆள் எண்டு தெரியட்டும்.”

அகதியாக வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வரி கட்டிய ரசீதுத் துண்டுகளைக் காட்டினால் கோரிக்கையை ஏற்றுக்கொள்வார்களாம். வரியே இல்லாத பாண் ரொட்டிக்குக் கிடைத்த துண்டையும் சேர்த்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வாடகையோடு கிடைத்த இடத்தைக் கைமாற்றுவதற்கு வரி இல்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஐரோப்பாவில் பெறுமதி சேர் வரி என்று ஒன்று உண்டு, கார் விடும் இடங்களையும் அது விடாது, இங்கே அது இன்னும் வரவில்லை, வந்தாலும் மருமகன் போன்ற சில்லறை ஆட்கள் அதில் அகப்படமாட்டார்கள் என்று, தோய்க்கும் மெஷின் நிற்கும்வரை விளங்கப்படுத்தினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் அவர் இருபது டொலர் மட்டும் கொடுத்தார். ஏன் என்று மருமகன் கேட்டதற்கு, வரி இல்லை என்று நான் சொன்னதாகச் சொன்னார். மருமகன் காசைத் திருப்பிக் கொடுத்து, காரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மருமகன் சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

“மாமா, உங்கடை சட்டம் இந்த வீட்டிலையும் நடக்கிறதெண்டால் செற்றிக்கும் வாடகை போடவேணும். வரி விட்டுத் தாறன்.”

சோறு போட்டுக்கொண்டிருந்த மகளும் சிரித்தாள்.

அந்த இடத்தை மருமகன் வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. அதில் பனி விழுந்து உறைந்தது. மட்டக்களப்புக்காரரின் கார் தெருவில் நின்று டிக்கெற் வாங்கியது. பிறகு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடன்பட்டு மீட்டார். வேலைக்குப் பிந்திப் போனதால், இன்னொரு முறை பிந்தினால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மருமகனைப் பாராமல் என்னைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க பிழையாச் சொல்லிட்டீங்க எண்டு ஒருக்காச் சொல்லுங்க.”

மருமகன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“சொல்லுங்கோ மாமா. வரி இருக்கோ, இல்லையோ?”

“இருக்கு,” என்றேன்.

“எத்தினை வீதம்?”

“ஏழு.”

“அது முந்தி. விட்டுட்டுத் திரும்பி வாற ஆக்களுக்குப் பத்து. என்ன மாமா, சரிதானே?”

“ஓம்,” என்றேன்.

மட்டக்களப்புக்காரர் இருபத்திரண்டு டொலரை மேசையில் வைத்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் அவருடைய கார் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு, லிஃப்டுக்குள் நான் நிற்பதைக் கண்டால் அவர் படியால் போவார்.