பக்கத்தில் இருந்தவர்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். ஆனால் இது நடந்தது. பொலிசும் பேயும் ஒன்று, கூப்பிட்டால் வராது, கூப்பிடாவிட்டால் வாசலில் நிற்கும் என்று சார்ஜன் குணரத்தினமே பகிடி விடுவார். தொண்ணூற்றேழாம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பகிடியை அவர் விட்டதில்லை.

சண்டைக் காலம். குண்டில் தப்பியவர்களும் பிணம் பொறுக்கியவர்களும் திருகோணமலைத் துறைமுகப் பொலிசில் நித்திரையின்றித் திரிந்தார்கள். மேலிடத்துக்குத் தெரிந்தால் விசரன், பைத்தியக்காரன் என்று இடுப்பிலிருக்கும் துவக்கைப் பறித்துவிடுவார்கள். ஆகவே குணரத்தினம் சனிக்கிழமைகளில் பழைய வலைக் கொட்டிலில் அவர்களைக் கூட்டினார். பட்டவன் சொல்லவேண்டும், பட்டவர்கள் கேட்கவேண்டும். பெயர், இடம், நாள் எதையும் யாரும் கேட்கக்கூடாது. அதுதான் அங்கே சட்டம்.

அப்துல் மஜீத் என்ற பொலிஸ்காரர் அங்கே வந்துதான் மீண்டும் மனிதனானவர். கூடப் படகில் போனவர்களைப் பறிகொடுத்து, சாகத் துணிந்திருந்தவர். இப்போது புதிதாக வருகிறவனின் பக்கத்தில் இருப்பது அவர் வேலை. குணரத்தினத்துக்கு அவர் கூடப்பிறக்காத தம்பி.

அன்றைக்குப் பின்னேரம் நாலு மணி. ஓர் இளம் கான்ஸ்டபிள் வந்து மஜீத்தின் பக்கத்துக் கதிரையில் இருந்தான். முன்பின் கண்ட முகமில்லை. இடது காதில் கட்டு. சட்டையில் கருகிய வாசம்… இப்போதுதான் வெடித்ததுபோல.

அந்தக் கிழமை எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை. குணரத்தினத்துக்கு அது உறைத்தது. ஆனாலும் சட்டப்படி கேட்கவில்லை.

"படகு கட்டுற ஜெட்டியில நிண்டனான்," என்றான் அவன். "ஒரு ஆள் என்ர கொலரைப் பிடிச்சுப் பின்னால எறிஞ்சார். பிறகுதான் சத்தம். நான் எழும்பினனான். அவர் எழும்பேல்ல."

அவன் குணரத்தினத்தின் பக்கம் திரும்பினான்.

"என்னை ஏன் சேர் இழுத்தவர்? அண்டைக்குத்தானே என்னைக் கண்டவர்."

மஜீத் வழக்கம்போல அவன் தோளில் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். மீன் ஐஸ் பெட்டிக்குள் கை விட்டதுபோல் இருந்ததாம்.

"கையை எடுக்காதீங்க, நானா," என்றான், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல.

மஜீத் மறுபடி வைத்தார்.

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் கோப்பை எடுக்கத் திரும்பினார்கள்…

பிறகு பார்த்தால் கதிரை வெறுமை.

இருப்பது ஒரே வாசல். யாரும் வெளியே போகவில்லை என்றான் காவல்காரன்.

அப்படி ஒருவன் உள்ளே வரவும் இல்லையாம்.

மூன்று கிழமை கழித்து ஜெட்டியில் ஒரு பொதி வெடித்தது. மஜீத் அந்த இடத்திலேயே போய்விட்டார். குணரத்தினம் குழந்தைபோல் அழுதார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் கொட்டிலுக்கு வந்தான். இடது காதில் கட்டு.

அதே முகம்.

குணரத்தினம் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"பேர் என்ன?"

"ஸெய்னுதீன், சேர். குறிஞ்சாக்கேணி."

"முந்தி இங்க வந்தனியா?"

"இல்ல சேர். பயிற்சியெண்டு ஆறு மாதம் கொழும்புப் பக்கம் நிண்டனான். வெடிச்ச அண்டைக்கு விடியக்காலமதான் இங்க வேலைக்கு வந்தனான்."

குணரத்தினம் கதிரையை அவன் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"மஜீத்… உன்னோட ஏதும் கதைச்சவரா?"

ஸெய்னுதீன் நிலத்தைப் பார்த்தான்.

"காலம என்னைக் கண்டதும் அவர்ட முகம் வெளிறிட்டுது, சேர். என்ர காதைத் தொட்டுப் பாத்தார். 'இன்னும் காயம் இல்லையே' எண்டார். பிறகு பின்னேரம் வெடிக்கிற வரைக்கும் என்ர பக்கத்தை விட்டு அசையவே இல்ல."