மாண்டரின் சாரையின் ஏழு முட்டைகள்

லிபுஷேவுக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், கை அதற்கும் முன்னால் போய்விடும். செக் நாட்டு ஓஸ்ட்ராவா நகரத்தில் முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டியவள். குடித்துவிட்டு வம்பு செய்கிறவனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அப்பேர்ப்பட்டவள், வீட்டில் இரண்டு பாம்புகளுக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாள், தரை அதிரக் கூடாதென்று.

மாண்டரின் சாரை என்பது வியட்நாம் பக்கத்துக் குளிர்ந்த மலைகளில் இருக்கிற பாம்பு. சாம்பல் நிற உடம்பு, அதில் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு நடுவில் பளிச்சென்று மஞ்சள். பார்க்கத்தான் அழகு, வளர்த்தால் உயிரை வாங்கும். சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. ஊருக்குள் பத்துப் பேர் நூறு வகைப் பாம்பு வளர்த்தாலும், இதை வளர்த்தவள் லிபுஷே ஒருத்திதான். ஆணுக்கு வாவ்ரா என்று பெயர், பெண்ணுக்கு பியெத்கா.

நவம்பர் வந்தால் இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, குடியிருப்பின் நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் மூன்று மாதம் தூங்க வைப்பாள். அப்படிக் குளிரில் கிடந்து எழுந்தால்தான் வசந்தத்தில் இணை சேரும். எட்டு வருஷம் சேர்ந்தன, எட்டு வருஷமும் முட்டைகள் மஞ்சளடித்துப் பூஞ்சை பிடித்துப் போயின. ஒவ்வொரு முறையும் அவள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டிராம் ஓட்டப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஒன்பதாவது வருஷம் ஏப்ரலில் சேர்ந்த கையோடு வாவ்ரா சாப்பாட்டை நிறுத்தியது. மே மாதம் செத்துப்போனது. ஜூலை இரண்டாம் தேதி பியெத்கா ஏழு முட்டை இட்டது. ஐந்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஏழிலும் சிவப்பு நரம்பு வலை ஓடியிருந்தது. லிபுஷே சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வாவ்ராவின் வம்சத்தில் உலகத்தில் இனி இருக்கப்போவது இந்த ஏழுதான்.

ஏழு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு சிறு சிலுவை போட்டாள். பாம்புக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். பாம்பு முட்டை இட்டபடியே இருக்க வேண்டும். புரட்டினால் உள்ளே இருப்பது மூழ்கிச் செத்துவிடும். தப்பித் தவறி உருண்டால் கண்டுபிடிக்கத்தான் அந்தக் குறி. அவளுடைய பாம்பு வளர்ப்போர் கிளப்பில் இது தெரியாதவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஜூலை ஒன்பதாம் தேதி நிலவறைப் படியில் சறுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. ஐந்து வாரம் படுக்கை என்றார் டாக்டர். கிளப்பில் ஒருத்தர் பாக்கியில்லாமல் குரோவேஷியக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள், ஜூலையில் வேறெங்கே போவார்கள்? வேறு வழியில்லாமல் தம்பி லுடெக்குக்குப் போன் போட்டாள். பேச்சு நின்று பதினோரு வருஷம். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு அவள் கொண்டுபோன பாம்பு, அழுக்குத்துணிக் கூடையில் போய்ச் சுருண்டுகொண்டது. லுடெக்கின் மனைவி ஜிட்கா போட்ட கூச்சலில் தொடங்கிய சண்டை அது.

"லுடெக், நான் லிபுஷே."

"யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகல. காலை உடைச்சிக்கிட்டுக் கெடக்கேன். நீ என் வீட்டுல வந்து இருக்கணும்."

"பாம்புக்கா?"

"பின்ன, எனக்கா? பாம்புக்குத்தான்."

"ஜிட்காகிட்ட அக்காவுக்கு முடியலன்னு மட்டும் சொல்றேன்" என்றான்.

மறுநாளே வந்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முட்டைப் பெட்டிச் சூடு இருபத்தைந்து டிகிரி, அடியில் உள்ள மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், பியெத்காவுக்குக் கண் திறக்காத எலிக்குஞ்சு, போட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்க்காதே. முட்டையைப் புரட்டாதே என்று எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எவனாவது முட்டையைப் புரட்டுவானா?

தினம் போனில் கேட்பாள், "முட்டை எப்படிடா இருக்கு?"

"ஜம்முனு இருக்குக்கா. என் புள்ளைங்களக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல."

முட்டை இட்ட நாற்பத்தொன்றாம் நாள் ஊன்றுகோலோடு வீடு வந்தாள். லுடெக் காளான் போட்டு உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தான். அவள் நேரே பெட்டியிடம் போய் மூடியைத் திறந்தாள். ஏழு முட்டையும் வெள்ளை வெளேரென்று, கொழுக்மொழுக்கென்று இருந்தன. ஒன்றிலும் சிலுவை இல்லை.

"குறி எங்கடா?"

"அடியில இருக்கும். காலைல அடிப்பக்கம், சாயங்காலம் மேல்பக்கம்." லுடெக் சிரித்தான். "ஏன்க்கா மறுபக்கம் வட்டம் போடாம விட்டுட்ட? எங்க கோழி முட்டைக்கு ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் வட்டம் போடுவோம், பொரிப்புப் பெட்டியில புரட்டறப்போ கணக்குத் தப்பாது. பரவால்ல, நானே ஞாபகம் வெச்சிக்கிட்டேன். ஒரு வேளைகூடத் தப்பல. அஞ்சு வாரமா உன் சோஃபாவுலதான் படுக்கை."

லிபுஷே ஊன்றுகோலை ஓங்கினாள். நல்லவேளை, அடி சுவரில் விழுந்தது.

"கொன்னுட்டியேடா பாவி! ஏழையும் கொன்னுட்டியே!"

"என்னக்கா சொல்ற? முட்டைன்னா புரட்டணும்ல... இல்லன்னா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்குமே..."

"நான் என்ன கோழியா வளக்குறேன்? பதினோரு வருஷம் வராதவன் அப்படியே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா? போ! என் மூஞ்சியில முழிக்காத!"

அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். சட்டையில் இரண்டு பொத்தானைப் போடக்கூட மறந்து போனான், பாவம்.

டார்ச் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கிளப்பில் புதிதாக வருகிறவர்களிடம், முட்டை நாறும் வரைக்கும் தூக்கி எறியாதே என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் இதே லிபுஷேதான். ஆனால் அன்று அவள் டார்ச்சைத் தொடவில்லை. இன்னொரு தடவை, ஒவ்வொன்றாகப் பூஞ்சை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை. முட்டை இருந்த டப்பாவை அப்படியே தூக்கி ஃப்ரீஸரில் பியெத்காவின் தீனியான எலிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஒன்பது நாள் கழித்து, கிளப்பைச் சேர்ந்த ஹினெக் கடற்கரையிலிருந்து திரும்பிப் போன் செய்தான்.

"கேள்விப்பட்டேன் லிபுஷே. வயிறு எரியுது. இருந்தாலும் அறுத்துப் பாத்து எழுதி வெச்சிடு. எத்தனாவது நாள் செத்துதுன்னு தெரிஞ்சா அடுத்தவனுக்கு உதவும்."

அது கிளப்பின் வழக்கம். கெட்டுப்போன முட்டை ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்துக் குறித்து வைத்தே ஆக வேண்டும். லிபுஷே டப்பாவை வெளியே எடுத்துப் பனி உருக வைத்தாள். நகவெட்டுக் கத்தரிக்கோலால் முதல் முட்டையைக் கீறினாள். லுடெக் வந்து புரட்டியதுமே, பத்தாம் நாள் வாக்கில் செத்திருந்தால் உள்ளே நூல் மாதிரி ஏதோ இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே முழுப் பாம்பு இருந்தது. சாம்பல் உடம்பு, கறுப்புக் கட்டம், நடுவில் மஞ்சள், எல்லாம் அச்சு அசலாக. வாவ்ராவின் நெற்றியில் இருந்த கறுப்புப் பட்டைகூட அதன் நெற்றியில் இருந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். இரண்டாவதைக் கீறினாள். மூன்றாவதை. ஏழும் அப்படியேதான். லுடெக் புரட்டிய புரட்டு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அவள் ஃப்ரீஸர் கதவைச் சாத்திய சாயங்காலம் வரைக்கும் ஏழும் உயிரோடு இருந்திருக்கின்றன.

போன் அடித்தது. லுடெக்.

"அக்கா, வெச்சிராத. ஒரு நிமிஷம் கேளு." "எனக்குத் தூக்கமே வரல. இப்பல்லாம் கோழி முட்டையக்கூட ஜிட்காதான் புரட்டறா. உன் ஒம்பது வருஷத்த நான் அழிச்சிட்டேன். நான்தான் கொன்னேன். என்ன மன்னிச்சிருக்கா."

லிபுஷே வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ கொல்லலடா என்று. மேஜைமேல் ஏழும் வரிசையாகக் கிடந்தன. அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வரவே இல்லை. வாழ்க்கையில் அவள் ஒருபோதும் அவ்வளவு பயந்ததில்லை.

"சரி, விடு" என்றாள். "மன்னிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் லுடெக் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். "உனக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா! ஜிட்காவும் சொல்றா, ஞாயித்துக்கிழமை நீ கண்டிப்பா சாப்பிட வரணுமாம். வாத்து வறுக்கட்டுமா?"

"எதுவா இருந்தாலும் சரி" என்றாள் லிபுஷே.