நறுக்கெடுப்பில் தோற்ற அக்கா

சில வருடங்களுக்கு முன்பு, எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டு எண்ணிய நாளன்று நடந்தது இது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் தோட்டத்திலும் நாங்கள் பேசுவது தமிழ்தான். ஓட்டுக் கேட்டதும் தமிழில்தான்.

அந்த முறை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். கணவர் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். அரசியலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதற்கு முந்தைய கோடையில் குழாய்த் தண்ணீர் நின்று போனபோது, தெருப் பெண்கள் சிலர் காலிக் குடங்களோடு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம். நான்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து, நீங்களே நில்லுங்கள் என்றார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றுவிட்டேன்.

என்னை எதிர்த்து நின்றவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான்கைந்து மாடு வைத்திருந்தார். மகளிர் குழுக்களை நடத்திக்கொண்டிருந்தார். கணவர் தவறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டில் இருந்த தம்பிதான் அவருக்கு எல்லாம். அந்தத் தம்பி, பஞ்சாயத்தை ஆண்டுகொண்டிருந்த கட்சியில் உள்ளூர்ச் செயலாளர். ஊரில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பிரசாரத்தின்போது ஒரு நாள் ஒரே சந்தில் இரண்டு கூட்டமும் எதிரும் புதிருமாக வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் கோஷத்தைக் கூட்டினார்கள், அவர்களும் கூட்டினார்கள். எனக்கோ தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது. அக்கா நேராக என்னிடம் வந்து, இடுப்புப் பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் மருந்து கலந்திருக்கும், தின்னாதே என்று என் கூட வந்த ஒருவர் சொன்னார். நான் தின்றேன். அன்று சாயங்காலமே குரல் கொஞ்சம் திரும்பியது.

ஓட்டு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மத்தியானத்துக்குள் மற்ற வார்டுகளில் பெரும்பாலானவை முடிந்துவிட்டன. எங்கள் வார்டு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் எண்ணி முடித்தபோது எனக்கும் அக்காவுக்கும் ஒரே அளவு ஓட்டு. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அதேதான்.

இதற்குள் இன்னொரு விஷயம் தெரிந்துவிட்டது. பஞ்சாயத்து முழுவதும் இரண்டு கட்சியும் சரிசமமாக ஜெயித்திருந்தன. எங்கள் வார்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பஞ்சாயத்து. குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காக நின்றவள் நான். இவ்வளவு பெரிய பாரம் தலையில் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

ஓட்டு சமமாக வந்தால் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கம் அதை நறுக்கெடுப்பு என்பார்கள். தேர்தலை நடத்திய அதிகாரி வடக்கே எங்கிருந்தோ வந்தவர், மலையாளத்தில் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். ஒரே அளவில் இரண்டு காகிதம் வெட்டி, எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் காட்டினார். சந்தேகம் இருந்தால் தொட்டுப் பார்க்கலாம் என்றார். அக்கா இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு, நானே மடித்துப் போடட்டுமா என்று கேட்டார். எனக்குச் சம்மதமா என்று அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அக்கா இரண்டையும் ஒன்று போலவே மடித்து, வகுப்பறையில் கிடந்த காலி சாக்பீஸ் டப்பாவில் போட்டார். அதிகாரி டப்பாவைக் குலுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

என் பெயர்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அக்கா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சற்று நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி எப்படித்தான் வெளியே போனதோ, போனபோதே மாறித்தான் போயிருந்தது. சீட்டில் ஏமாற்றிவிட்டார்கள், ஒரு சீட்டை மட்டும் தடிமனாக மடித்து வைத்திருந்தார்கள் என்று எல்லோர் போனிலும் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நின்ற கூட்டம் உள்ளே புகுந்து வராந்தாவரைக்கும் வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள், அவர்களும் வெளிக்கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். வராந்தாவின் இரும்புக் கதவைப் பிடித்து உலுக்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஓட்டு மெஷின்கள் எல்லாம் அதே அறையில்தான் இருந்தன. ஜெயித்ததற்கான சர்டிபிகேட்டில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார். என் கணவர் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை.

அக்காவின் ஏஜெண்டாக உள்ளே இருந்தவர் அவருடைய தம்பிதான். சீட்டு மடித்ததை, எடுத்ததை எல்லாம் அவரும் கண்ணால் பார்த்தவர். அவர் அக்காவின் பக்கத்தில் குனிந்து பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அக்கா, எனக்குச் சந்தேகமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும். மத்ததை வெளிய இருக்கறவங்க பாத்துக்குவாங்க.”

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். “என்ன சந்தேகம்டா எனக்கு? மடிச்சுப் போட்டது நானு.”

தம்பி விடவில்லை. அஞ்சு வருஷம் பஞ்சாயத்து கைவிட்டுப் போகும், எத்தனை பேர் உழைப்பு இது, உனக்காக வெயிலில் அலைந்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பாய் என்றெல்லாம் கேட்டார். குரல் உடைந்துதான் கேட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். தோல்வி அவருக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அக்கா சொல்லியிருந்தால் அந்தக் கதவு நின்றிருக்காது.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து அக்காவிடம் போனேன்.

“எனக்கு வேண்டாமுங்கக்கா. நீங்களே எடுத்துக்குங்க. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள், கணவர் வெளியே இருக்கிறார், இந்தப் பதவி யாருக்கு வேண்டும் என்றுதான் இருந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அப்படி எடுத்துக் குடுக்கறதுக்கு இது உன்னுதா அம்மிணி? வாங்கிக்கறதுக்கு என்னுதா? வெயில்ல வரிசையில நின்னு போட்டவங்களுது. பேசாம உக்காரு.”

பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தம்பி கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கதவை அரை ஆள் அளவு திறக்கச் சொல்லி வெளியே போய்ப் படியில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பார்த்ததும் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அவர் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது.

“நான் தோத்துட்டனுங்க” என்றார். “சீட்டு ரெண்டையும் தொட்டுப் பாத்து மடிச்சுப் போட்டது நாந்தானுங்க. அதுல ஒரு ஏமாத்தும் இல்ல. அதுக்கு மேலயும் சந்தேகம் இருக்கறவங்க கோர்ட்டுக்குப் போங்க, அதுக்குச் சட்டம் இருக்குது. இந்தக் கதவ ஒடைக்கறதுக்குச் சட்டம் இல்லீங்க. உள்ள ஒரு பொம்பளப் புள்ள பயந்து உக்காந்திருக்குது. வழி விடுங்க, அவளும் நானும் ஊட்டுக்குப் போகோணும்.”

முன்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ, விலை போய்விட்டாள் என்று கத்தினார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் படியோரத்திலிருந்து ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். அதிகாரி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவரும் ஜன்னல் பக்கம் போய் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா உள்ளே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டருகே என் கணவரைப் பார்த்த பிறகுதான் பிடியைத் தளர்த்தினார். அவருடைய தம்பி அவருக்காக நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். எங்கள் பெட்டி ஆட்டோவில் முன்னால் ஓட்டுகிறவருக்குத்தான் வசதியாக இடம். அதனால் நானும் அக்காவும் பின்னால், சாமான் ஏற்றுகிற இடத்தில், சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்தோம். ஜெயித்தவளும் தோற்றவரும் அப்படித்தான் ஊர் திரும்பினோம். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது, விழுந்துவிடாதே என்பது போல என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் முக்கில் எங்கள் ஆட்கள் பட்டாசோடு காத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம், எடுத்து வையுங்கள் என்று கணவர் இறங்கிப் போய்ச் சொன்னார். அக்கா வண்டியிலிருந்தே அவரைக் கூப்பிட்டார்.

“வெடிக்கட்டும் தம்பி. ஜெயிச்சா வெடிக்கத்தான செய்வாங்க. எங்க கட்டுத்தரையில சென மாடு நிக்குது, கொஞ்சம் தள்ளிப் போயி வெடிக்கச் சொல்லுங்க, போதும்.”

அவர்களும் சிரித்துவிட்டார்கள். தள்ளிப் போய், ஏரிக் கரைப் பக்கம்தான் வெடித்தார்கள்.

அக்காவை வீட்டு வாசலில் இறக்கினோம். வாசலில் வாடகை நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒருவரும் இல்லை. ஜெயித்து வருவார் என்று காலையிலேயே பெரிய பாத்திரத்தில் பாயசம் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே வா என்றார் அக்கா. டம்ளரில் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தார், பிறகு என் கணவருக்கு. மூன்றாவது டம்ளரை எடுத்தவர், கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் போய் நின்று அவர் முதுகில் கை வைத்தேன். நானும் அழுதேன். கணவர் டம்ளரோடு வாசலுக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “ஜெயிப்பேன்னுதான் நெனச்சேன் அம்மிணி” என்றார், சிரித்துக்கொண்டே. பிறகு, என் மகளுக்கு என்று ஒரு தூக்குப்போசியில் பாயசம் நிறைத்துக் கொடுத்தனுப்பினார்.

அன்று படியில் நின்று சொன்னதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சம் இல்லை. தம்பி ரொம்ப நாள் பேசவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்சிக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. தன் மகளுக்குச் சீர் வைத்தபோதுதான் தம்பி திரும்ப வந்து அழைத்தாராம். அதை என்னிடம் சொன்னபோது அக்காவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஆனால் எனக்கு அவர் ஒரு சலுகையும் காட்டவில்லை. முதல் கிராமசபைக் கூட்டத்திலேயே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். என் முறை வந்ததும் எழுந்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் எப்போது முடியும், யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அன்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தவரா இவர் என்று மனசு கொஞ்சம் சுருங்கியது. கூட்டம் முடிந்ததும் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு அப்படித் துணை நின்னீங்க. இன்னைக்கு இப்படிக் கேக்கறீங்களேக்கா?”

“எனக்கு ஓட்டுப் போட்டவங்களும் உன்ற வார்டுலதான அம்மிணி இருக்கறாங்க? அவங்களுக்காக நாங் கேக்காம வேற யாரு கேப்பா?” என்றார். சொல்லிவிட்டு, பதில் சொல்லும்போது நிமிர்ந்து பார்த்துச் சொல், தரையைப் பார்த்துப் பேசாதே என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த அஞ்சு வருடமும் அவர் ஒரு கிராமசபையைக்கூட விடவில்லை. அவர் கேட்பாரே என்கிற பயத்தில்தான் நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பொதுவாகிவிட்டது, நாங்கள் இரண்டு பேருமே நிற்கவில்லை. நான் மறுபடி தையல் மெஷினுக்கு வந்துவிட்டேன். அக்காவின் ரவிக்கை இப்போதும் என்னிடம்தான் தைக்க வருகிறது. அரசியல் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

டி.வி.யில் எந்த நாட்டுத் தேர்தல் முடிவு வந்தாலும், யார் ஜெயித்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், தோற்றவர் வெளியே வந்து என்ன சொன்னார் என்றுதான் என் மனசு முதலில் தேடுகிறது.