காரணம் கேட்காதவன்

லண்டனில் ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்குப் பதினொரு வருடம் உதைபந்தாட்டம் பழக்கினேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுப் பிள்ளைகளுக்கு அதே பிரசங்கம்தான். திறமை என்றால் மழையிலும் அதே வேகத்தில் ஓடுவது. வெற்றி என்றால் கோல் கணக்கல்ல, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது. கௌரவம் என்றால் சாக்குச் சொல்லாமல் இருப்பது. பிந்தி வருகிறவள் ஆடாமல் வெளி வாங்குப் பலகையில் இருப்பாள், நான் காரணம் கேட்கமாட்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கும். அவ்வளவு நினைப்பு என்னைப் பற்றி.

அந்த வருடத்து அணித்தலைவி கிங்ஸ்பரியில் இருந்து வரும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் பிள்ளை. மைதானத்தில் என்னைக் "கோச்" என்பாள், வெளியே "அங்கிள்". இரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை.

கடைசி மட்ச் ஒரு புதன்கிழமை பிற்பகல். அவளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய கழகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். ஒரு மணிக்கு எல்லோரும் நிற்க வேண்டும். அவள் ஒன்று இருபதுக்கு ஓடி வந்தாள். மூச்சிரைக்க ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி மறித்தேன்.

"சட்டம் தெரியும்தானே? போய் இரு."

"ஓம் கோச்."

முழு ஆட்டமும் வாங்கிலேயே இருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தாள். கழகத்துப் பெண்மணி இடைவேளையோடு புறப்பட்டுப் போய்விட்டார். நாங்கள் தோற்றோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. நம்முடைய பிள்ளை என்று பார்க்காமல் நடந்துகொண்டேனாம்!

நான் கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், இனி பயிற்சிக்கு வரேலாது. அம்மாவோட நிக்கவேணும்."

"ஏன், அம்மாவுக்கு என்ன?"

"காலமை ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். இன்டர்பிரெட்டர் வரேல்லை. டொக்டர் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில சொன்னன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கான்சர் ஈரலுக்கும் பரவிட்டுதாம். இனி மருந்து இல்லையாம். அம்மாதான் நீ போய் விளையாடு எண்டு அனுப்பினவ."

"ஏன் பிள்ளை அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் காரணம் கேக்கிறேல்லைதானே."

அவள் குற்றம் சொல்லவில்லை. என் சட்டத்தை எனக்கு நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரக் கோச் ஒருவருக்கு இது தெரியாமல் போகலாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் எங்கள் வீடுகளில் டொக்டர் சொல்வதெல்லாம் பிள்ளைகளின் வாயால்தான் தமிழாகும். என் மகளையே பத்து வயதில் என் மனைவியின் ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனாள். ஆசிரியர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று நான் விசாரித்ததுகூட இல்லை.

கழகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த வருடம் அவள் விளையாடவில்லை.

அந்த மட்சுக்குப் பின் வந்த ஆடி மாதம் தாய் இறந்துபோனார். இங்கே தகனத்துக்கு ஒரு குடும்பத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான் தருவார்கள். வீதியில் விபத்து, வாகனங்கள் அசையவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. எல்லாம் முடிந்துவிட்டது.

அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுது வீங்கிய கண்கள். என் கையைப் பிடித்தாள்.

"ஏன் அங்கிள் பிந்தினீங்கள்? வழியில ஏதும் நடந்ததோ?"

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை நின்றாள்.