அம்பிளி டீச்சர் வீட்டு எர்த்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும் இசக்கிராஜா நம்பமாட்டார். டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியைத் தொடுவார். கொச்சி மட்டாஞ்சேரியில் முப்பது வருடமாக வயர்மேன். அந்தக் குணம் வேலையோடு நிற்கவில்லை. மீன்காரரின் தராசு, மருமகன் சொல்லும் காரணம், எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

போன மார்ச்சில் அம்பிளி டீச்சர் கூப்பிட்டார். புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர். வீட்டில் சொருகினால் சில நாள் சார்ஜ் ஏறுகிறது, சில நாள் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. ரோட்டோரத்து மின்கம்பத்தில் இருக்கும் பொது சார்ஜிங் பாயின்டில் போட்டால் ஒரு குறையும் இல்லை.

“வண்டிக்குக் குழப்பமில்லா சேட்டா. இங்கதான் ஆரோ என்னமோ செய்யுது,” என்று டீச்சர் மலையாளம் கலந்த தமிழில் குரலைத் தாழ்த்திச் சொல்லி மாடியைக் காட்டினார்.

மாடியில் குடியிருந்தவன் மாரிச்செல்வம். கோவில்பட்டிக்காரன், ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். இசக்கிராஜா படியேறும்போதே பார்த்துவிட்டார். அவன் ஜன்னலிலிருந்து ஒரு கறுப்பு வயர் கீழே இறங்கியிருந்தது.

“எத்தனை நாளா தம்பி கீழ்வீட்டுக் கரண்டை இழுக்கிற?”

மாரிச்செல்வம் வயரை மேலே இழுத்துக் காட்டினான். பழைய கேபிள் டிவி வயர், நுனி வெட்டுப்பட்டுக் கிடந்தது. இசக்கிராஜா அதையும் டெஸ்டரால் தொட்டார். டெஸ்டர் விளக்கு எரியவில்லை.

“அந்த அம்மா சந்தேகப்பட்டா சரி. நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், நீங்களுமா அண்ணாச்சி?”

கீழே வந்து பிளக்கைச் சோதித்தார். எர்த் இல்லை. அது இல்லாவிட்டால் சார்ஜர் தானே நின்றுவிடும். அந்த வீட்டு வயரிங் முழுக்கப் பதினோரு வருடம் முன்பு அவர் செய்தது. அதனால்தான் முதலிலேயே அங்கே கை போகவில்லை.

பின்பக்கம் எர்த் குழியைத் தோண்டினார். வேலியேற்றம் என்று இங்கே சொல்லும் கடல் ஏற்ற நாட்களில் காயல் தண்ணீர் ஏறி நிற்கும் உப்பு மண். இரும்புக் குழாய் விரல் பட்டதும் உதிர்ந்தது. மண் ஈரமாக இருந்தபோது கொஞ்சம் எர்த் கிடைத்திருக்கிறது, காய்ந்ததும் சார்ஜர் நின்றிருக்கிறது. இந்த மண்ணுக்குச் செம்புதான் போட வேண்டும் என்று அன்றே தெரியும். கையில் இருந்ததை இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

உப்பின் மேல் பழியைப் போட்டிருந்தால் டீச்சர் நம்பியிருப்பார். இசக்கிராஜா உதிர்ந்த குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்.

“தப்பு என்னோடது டீச்சர். மாடிப் பையன் ஒண்ணும் செய்யல.”

டீச்சர் சுவரிலிருந்த ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகப் பார்த்தார். “அப்போ பாக்கி வயரிங் எல்லாம் செரியாணோ?”

அந்தப் பார்வை அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் செம்புக் கம்பி இறக்கினார், ஸ்கூட்டரில் தடையில்லாமல் சார்ஜ் ஏறியது. பிறகு வீடு முழுவதையும் சோதித்தார். டீச்சர் கூடவே நின்றார்.

வேலை முடிகிற நேரம் மாரிச்செல்வம் படியிறங்கி வந்தான்.

“சாயா குடிக்கலாமா தம்பி?”

“வேலைக்கு நேரமாச்சு அண்ணாச்சி.” நிற்காமல் போனான்.

பதினோரு வருடம் முன்பு, அதே இரும்புக் குழாயை இறக்கி அவர் வயரிங் செய்த வீடுகள் இன்னும் மூன்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, மண்வெட்டியோடு முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.