ஏறுகிறவர்கள் இஷ்டம்

செங்கொடி என்று பெயர் வைத்தவர் அவளுடைய அப்பா. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், சங்கத்துக்காரர். எதுவானாலும் சர்க்கார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. மகளோ, சர்க்கார் தன் பக்கம் பார்க்காமல் இருந்தாலே போதும் என்கிறவளாக வளர்ந்தாள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "நைனா ஆசையா வெச்ச பேரு, அது பாட்டுக்கு கீது" என்பாள்.

இப்போது வயது நாற்பத்தாறு. கணவன் வல்லரசு, மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் காவலாளி. பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன். செங்கொடி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். சடையங்குப்பம் முனையிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரை, காலை ஐந்தரைக்கு முதல் டிரிப்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த முனையில் ஒரு வண்டியும் கிடையாது. பஸ் வந்தால் உண்டு. தாழ்வான ஊர், ஒரு நாள் மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். அப்போது வருகிற ஒரு பஸ்ஸும் வராது. மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிற பெண்களும், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிறவர்களும் முட்டிவரை புடவையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடுவரை நடப்பார்கள். செங்கொடியும் அப்படி நடந்தவள்தான். பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, தலைக்கு இவ்வளவு என்று சொல்லி ஏற்றினாள். முதல் நாளே வண்டி நிறைந்தது.

நிறைந்ததுதான் வினையாகப் போயிற்று. அவள் பர்மிட்டுக்கு ஒரு பார்ட்டியை மொத்தமாக ஏற்றலாமாம். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் காசு வாங்கக் கூடாதாம். போதாக்குறைக்கு மெயின் ரோடு ஆட்டோக்காரர்கள் அவளை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை நடந்தது. அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று அவள் பேசிய பேச்சை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

"சார், ஏறுறவங்க இஷ்டப்பட்டு ஏறுறாங்க. நான் இஷ்டப்பட்டு ஓட்டுறேன். பிரேக்கு கரீட்டா கீதா, லைசென்ஸ் கீதா, அத்த நீ பாரு. மீதி எல்லாம் எங்களுக்குள்ள. இதுல உனக்கு இன்னா சார் பேஜாரு?"

அதிகாரி சிரித்துவிட்டார். சரி என்றும் எழுதவில்லை, தப்பு என்றும் எழுதவில்லை. ஃபைல் எங்கோ அடியில் போயிற்று. செங்கொடி ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளைப் பார்த்து இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். பதினான்கு வண்டி ஆனதும் யார் முதலில் ஏற்றுவது என்று தினமும் வாய்ச்சண்டை. செங்கொடி கரண்டு கம்பத்தில் ஒரு கரும்பலகையைக் கட்டினாள். வந்த வரிசையில் வண்டி நம்பரை சாக்பீஸால் எழுத வேண்டும், அந்த முறைப்படி ஏற்ற வேண்டும். சண்டை நின்றது. போலீசும் வரவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. நல்ல காரியம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்று வருஷம் முன்பு, பலகையின் தலைப்பில் பெயின்டால் ஒரு வரி சேர்த்தாள்: எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் புது நம்பர் ஏறாது, ஸ்டாண்டு முடிவை மீறினால் இருக்கிற நம்பரும் போகும். நம்பர் இல்லாத வண்டி முனையில் ஆள் ஏற்றக் கூடாது. ஒழுங்கு வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதினாள். மெயின் ரோடு ஆட்டோக்காரர்களும் அன்று அதையேதான் நினைத்தார்கள் என்பது அவள் புத்தியில் உறைக்கவில்லை.

இந்த வருஷம் மாசி மாதம் ஜெயஸ்ரீ வந்தாள். முப்பது வயது, பேட்டரி ஆட்டோ. ஐந்து ரூபாய் குறைவு. கூப்பிட்டால் சந்துக்குள் வாசல்வரை வருவாள். நம்பர் கொடுக்க மறுத்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். இரண்டே வாரத்தில் செங்கொடியின் வண்டி பாதி காலியாகப் போனது. அவளுக்கு வயிறு எரிந்தது. மனுஷிதானே, எரியாமல் என்ன செய்யும்?

ஸ்டாண்டு செயலாளர் ஜெரி ஒரு தாளோடு வந்தார். "எக்கா, மனு போட்டு அந்தப் பொண்ண நிறுத்திடலாம். ஆபீசு வாசல்ல குந்திகினு மனு எழுதுவாரே சைமன், அவராண்ட எழுதி வாங்கிகினு வந்துட்டேன். நீதான் சீனியரு, மொத கையெழுத்து நீ போடு."

போட்டாள். படிக்கவில்லை. மீதிப் பதின்மூன்று பேரும் படிக்கவில்லை.

மறுநாள் ஜெரியும் அவளும் ஆபீசுக்குப் போனார்கள். பழைய அறை, அதிகாரி மட்டும் புதிது. அவர் மனுவை உரக்கப் படித்தார்.

"மேற்படி வாகனத்தைப் பெண் ஒருவர் ஓட்டி வருவதால், பயணிகளின் உயிருக்கும் மானத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்பதைத் தாழ்மையுடன்..."

செங்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே அறையில், இதே வாசகத்தை, தன்னைப் பற்றி வாசிக்கக் கேட்டிருக்கிறாள். சைமனிடம் ஆட்டோ தகராறுக்கு இருப்பது ஒரே ஒரு மாதிரிதான். அன்று மெயின் ரோடுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்ததை, வண்டி நம்பரை மட்டும் மாற்றி இன்று இவர்களுக்கும் கொடுத்துவிட்டார்.

அதிகாரி நிமிர்ந்தார். "முதல் கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"நீங்களும் வண்டி ஓட்டுறவங்கதானே?"

அவள் முகம் செத்துப்போயிற்று. கையை நீட்டினாள். "அத்த இங்க குடு சார்."

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்ததும் ஜெரி குதித்தார். "இன்னாக்கா, காமெடி பண்றியா? அந்த வரிய அடிச்சிட்டு வேற எழுதிக்கலாம்!"

"எந்த வரிய அடிச்சாலும் மனு அதேதான் ஜெரி. அவ பிரேக்கு கரீட்டா கீது, லைசென்ஸும் கீது. நம்ம இங்க இன்னாத்துக்கு வந்தோம்?"

"நாளிக்கு உன் வண்டில ஒருத்தரும் ஏறலன்னா?"

"எரியும். இப்பவே எரியுது. அதுக்கு அந்த சாரு இன்னா பண்ணுவாரு?"

மறுநாள் காலை பலகையில் அவள் எழுதிய நம்பரை ஜெரி அழித்துவிட்டார், ஸ்டாண்டு முடிவை மீறிவிட்டாளாம். மேலே அவளே பெயின்டில் எழுதிய வரி பளிச்சென்று இருந்தது. இரண்டு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பி, ரோட்டைக் கடந்து ஜெயஸ்ரீக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"இங்கியாக்கா நிக்கப்போற?" என்றாள் ஜெயஸ்ரீ, பயந்துகொண்டே.

"ரோடு உங்கப்பன் வூட்டு சொத்தா?"

அப்போது மெர்லின் வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்காரி. முதல் நாள் முதல் டிரிப்பில் ஏறியவள். பன்னிரண்டு வருஷமாக இடது ஓர சீட்டு அவளுடையது. இரண்டு வண்டிக்கும் நடுவில் சாப்பாட்டுப் பையோடு நின்று, செங்கொடியின் முகத்தையே பார்த்தாள்.

செங்கொடி துணியை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"என் மூஞ்சிய இன்னாத்துக்கு பாக்குற? உனக்கு எது தோதோ அதுல ஏறு."

மெர்லின் ஜெயஸ்ரீயின் வண்டியில் ஏறிக்கொண்டாள்.