ராசிபுரம் சுற்று

பொறியியல் இறுதியாண்டில் எங்களுக்கு ஆப்டிமைசேஷன் என்று ஒரு பாடம். இருக்கிற வழிகளில் செலவு குறைந்ததைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. புராஜெக்டுக்கு அப்பாவின் முட்டை வண்டியை எடுத்துக்கொண்டேன். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு நேர்சாலை இருக்க, அவர் ராசிபுரத்துக்குள் புகுந்துதான் போவார். அந்தச் சுற்றை வெட்டினேன். டீசல் மிச்சமானது, பேராசிரியர் பாராட்டினார். அப்பாவும் மறுபேச்சு பேசாமல் புது வழியில் ஓட்டினார்.

ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்கா தீபாவளிக்கு வந்தாள். "அப்பாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா? இப்பெல்லாம் ஊட்டுப்பக்கமே வர்றதில்ல" என்று என்னிடம் கேட்டாள். அப்போதுதான் அந்தச் சுற்று எதற்கென்று எனக்கு விளங்கியது. பெண் கொடுத்த வீட்டுக்குக் காரணமில்லாமல் அடிக்கடி போவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. வண்டி இந்த வழியாக வந்தது, எட்டிப் பார்த்தேன் என்றால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் அப்பாமீதுதான் வந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? நாளைல இருந்து பழைய வழியிலயே போங்க" என்றேன்.

"இனி எப்படிச் சாமி போறது?" என்றார். "எம்பையன் படிச்ச படிப்புல வழிய மாத்தி டீசல மிச்சம் பண்ணிட்டான்னு சம்பந்திகிட்ட போன்ல பெருமையாச் சொல்லிட்டனே."